புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும் பிள்ளைகள்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். சார்ட்டில் படம் போட்டுப் புத்தகத்தின் பாகங்களைச் சொல்லிக்கொடுத்தேன். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முன் அட்டை, பின் அட்டை, முதுகு (இரண்டு அட்டையையும் இணைக்கும் கட்டு ஓரம்) என்று மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். சுவரில் தொங்கும் படத்துக்கு முன்னும் பின்னும் இல்லை, புரட்டவும் முடியாது. கரையேற்றி வைத்த வள்ளத்தில் அணியம் (முன்முனை) எது என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், ஓடிப்போய்த் தொட்டுக் காட்டுவார்கள். ஏறி இறங்கிப் பழகியதால் வந்த அறிவு அது. புத்தகமும் கையில் புழங்கினால்தான் பெயர் ஒட்டும்.

இதற்குத் தனி வகுப்பு வேண்டாம். கதை வாசிக்கும் நேரத்தின் முதல் இரண்டு நிமிடம் போதும். புத்தகத்தை வேண்டுமென்றே தலைகீழாக, பின் அட்டை மேலே இருக்கும்படி ஒரு பிள்ளையிடம் நீட்டி, “வாசிக்கப் போறோம், சரியாப் பிடிச்சுக் குடு” என்று கேளுங்கள். அது திருப்பிய நொடியில் “ஆமா, இதுதான் முன் அட்டை” என்று சொல்லுங்கள். செயல் முதலில், சொல் பிறகு. நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் மேரி கிளே 1970-களில் வகுத்த சோதனையும் பிள்ளையைக் காட்டத்தான் சொல்கிறது: முன்பக்கம் எது, எங்கிருந்து வாசிக்க வேண்டும் என்று. வாரத்துக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். முன் அட்டை, பின் அட்டை பழகிய பிறகு தலைப்பு. அதன்பின் எழுதியவர், படம் வரைந்தவர். பொருளடக்கம், முன்னுரை எல்லாம் பள்ளிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் மதரஸாவுக்கும் போகும் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைப் பின் அட்டையிலிருந்து திறக்கலாம். அதைத் தவறு என்று சொல்லாதீர்கள். அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதால் அந்தப் புத்தகம் அந்தப் பக்கம்தான் திறக்கும். அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே செய்கிறது. “அது அங்கிருந்து, தமிழ் இங்கிருந்து” என்று வாசிக்கும்போது விரலை வரிக்குக் கீழே ஓட்டிக் காட்டுங்கள், பழகிவிடும்.

முதுகுதான் பெரும்பாலும் சிக்கல். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய படக்கதைப் புத்தகத்தில் பெயர் அச்சிடும் அளவுக்கு முதுகே கிடையாது. அதைக் காட்டி முதுகு என்றால் பிள்ளை எதைப் பார்க்கும்? ஒட்டிக் கட்டிய தடிமனான நாலைந்து புத்தகங்களை நிமிர்த்தி வரிசையாக நிறுத்தி, முதுகை மட்டும் பார்த்து ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள். முதுகு எதற்கு என்பது அங்கேயே விளங்கிவிடும்.

இதெல்லாம் ஓரளவு வந்ததும் பிள்ளைகளே ஒரு புத்தகம் செய்யட்டும். இதைவிட நல்ல பாடம் இல்லை. ஏ4 தாள் இரண்டை ஒன்றாக மடித்தால் 8 பக்கம். அதே அளவு சார்ட் துண்டை அட்டையாக வெளியே மடியுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம். உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறித் தாளை அரித்துவிடும், பிள்ளை விரலையும் கிழிக்கும். மடிப்பில் நடுவே ஒரு துளை, அதற்கு மேலும் கீழும் 6 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. துளை போடுவதும் தைப்பதும் உங்கள் வேலை. 60 செ.மீ. பருத்தி நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே இழுங்கள், ஒரு சாண் நுனியை உள்ளே விட்டுவிடுங்கள். மேல்துளையில் உள்ளே நுழைத்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு நுனியும் நடுவில் ஓடும் நீள நூலின் இரு பக்கமும் வரும்படி வைத்து முடிச்சிடுங்கள். வலை நூல் வீட்டிலேயே கிடைக்கும் என்றாலும், வழவழப்பான நைலானில் முடிச்சு நழுவும்.

முன் அட்டையில் பிள்ளை சொல்லும் தலைப்பை நீங்கள் எழுதி, அதன் கீழே பிள்ளையின் பெயரை எழுதுங்கள். கதையை ஒரு பிள்ளை சொல்லி இன்னொன்று வரைந்தால், எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறு என்பதற்கு விளக்கமே தேவைப்படாது. பக்க எண் போடும்போது மட்டும் கூடவே உட்காருங்கள். நிறையப் பிள்ளைகள் ஒரு தாளுக்கு ஒரு எண் என்று போட்டுக்கொண்டே போவார்கள். தாளின் இந்தப் பக்கம் 1, திருப்பினால் 2 என்று அவர்கள் கையாலேயே புரட்டி எழுத வையுங்கள்.