கையெழுத்துப் போட்ட பிறகு "வெறும் காகிதம்" என்று சொல்ல முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். மூன்று வாரத்தில் திருமணம். விவாகரத்து நேர்ந்தால் ஒருவர் சொத்தில் மற்றவர் பங்கு கேட்கக் கூடாது என்று ஓர் ஒப்பந்தத்தை வருங்காலக் கணவர் கொடுத்திருக்கிறார். நகல் இணைத்துள்ளேன். "நீதிமன்றத்தில் இது செல்லாது, பேசாமல் போட்டுவிடு" என்கிறாள் தோழி. போடலாமா?

பதில்: தோழி சொல்வது பழைய கதை. 2010-க்கு முன்பு கேட்டிருந்தால் நானும் ஏறக்குறைய அதையே சொல்லியிருப்பேன். அந்த ஆண்டில்தான் ராட்மாக்கர் – கிரானட்டினோ வழக்கின் தீர்ப்பு வந்தது. மனைவி ஜெர்மனியின் பெரும் பணக்காரக் குடும்பத்தவர். கணவர் பிரெஞ்சுக்காரர், வங்கி அதிகாரியாக இருந்தவர். ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில் இருந்தது. கணவருக்கு மொழிபெயர்ப்பும் தரப்படவில்லை, தனி வழக்கறிஞரும் இல்லை. அப்படியும் அவர் தோற்றார். விளைவு தெரிந்தே கையெழுத்திட்டார் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் கருதினார்கள்.

ஒப்பந்தம் நீதிபதியின் கையைக் கட்டிவிடாது என்பது உண்மை. 1973ஆம் ஆண்டுத் திருமண வழக்குகள் சட்டப்படி கடைசி முடிவு அவருடையதே. ஆனால் இருவரும் மனமொப்பி, புரிந்து செய்துகொண்டது என்றால், அநியாயமாக முடியாதவரை அதன்படியே தீர்ப்பளிப்பார். குழந்தைகளுக்கு உரியதை அதில் குறைக்க முடியாது. உங்களை நடுத்தெருவில் நிறுத்தும் ஷரத்தும் நிற்காது. அதற்காகப் பாதிச் சொத்து வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். குடியிருக்க ஓர் இடம், வாழ்க்கைச் செலவு என்று தேவையளவோடு நின்றுவிடலாம். (ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.)

திருமணத்துக்கு 28 நாள் முன்பே கையெழுத்தாகிவிட வேண்டும் என்று சட்ட ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனாலும் வழக்கறிஞர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். உங்களிடம் இருப்பது 21 நாள். "அவசரப்படுத்தினார்கள்" என்று பிறகு வாதாடிக்கொள்ளலாம் என நினைத்துக் கையெழுத்திடுவது சூதாட்டம். திருமணம் முடிந்த பிறகும் இதே ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளலாம். இரண்டையும் நீதிமன்றம் ஒரே தராசில்தான் நிறுக்கிறது. வருங்காலக் கணவரின் வழக்கறிஞர் உங்களுக்கும் சேர்த்து விளக்குகிறேன் என்றால் மறுத்துவிட்டு, உங்களுக்கென்று ஒருவரை அமர்த்துங்கள்.

நகலின் கடைசிப் பக்கத்தில் உள்ள சொத்துப் பட்டியலைப் பாருங்கள். வீட்டுக்கு மதிப்பு போட்டிருக்கிறது. கீழே "பிற முதலீடுகள்" என்பதற்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. அந்தக் கோடு இருக்கும் இடத்தில் ஒரு தொகை வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.