கண்டம் தாண்டும் பைக் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் வரை 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் தாங்குமா? 1200 சிசி வண்டிக்கு மாறிவிடலாமா? (சேலம்)

பதில்: தாராளமாகத் தாங்கும். அர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்கோட்டோ 1985 முதல் பத்து ஆண்டுகளில் ஏழு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உலகைச் சுற்றியது, மண்பாதைக்கென்று செய்யப்படாத ஹோண்டா கோல்டு விங் என்ற கனத்த நெடுஞ்சாலை பைக்கில்தான். எத்தனை சிசி என்பதல்ல, மணலில் சாய்ந்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்த முடியுமா என்பதே உங்கள் முதல் கவலையாக இருக்க வேண்டும். லக்கேஜ் முழுவதையும் கட்டி, வீட்டு வாசலிலேயே ஒருமுறை படுக்கவைத்துத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவாகும்? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மாதம், தங்குவது கூடாரத்திலா விடுதியிலா என்று எதையுமே எழுதாமல் தொகையை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: வாகா எல்லை மூடியிருப்பதால் பைக்கைக் கப்பலில் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். ஈரானுக்குக் கார்னெட் (வண்டிக்கான சுங்க ஆவணம்) கட்டாயமா? லண்டன் சேர்ந்ததும் வண்டியை அங்கேயே விற்றுவிட்டு விமானத்தில் திரும்பலாமா? (கோவை)

பதில்: கட்டாயம் வேண்டும், விற்கக் கூடாது. ஈரானின் நிலவரம் வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது என்பதால், கப்பலில் இடம் பிடிப்பதற்கு முன் அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

கார்னெட்டை வண்டிக்கான விசா என்று எண்ணுவோர் இன்னும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அது விசா அல்ல, வரிக்கான பிணை. இந்த வண்டி உங்கள் நாட்டில் விற்கப்படாமல் வெளியேறும், வெளியேறாவிட்டால் இறக்குமதி வரியை நாங்கள் கட்டுகிறோம் என்று ஆட்டோமொபைல் சங்கம் அந்நாட்டுச் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது. கட்ட நேர்ந்தால் அந்தப் பணம், கார்னெட் வாங்கும்போது நீங்கள் கொடுத்த வங்கி உத்தரவாதத்திலிருந்துதான் போகும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பகுதிகள் உண்டு. நுழையும்போது அதிகாரி நுழைவுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை இடுவார். வெளியேறும்போது வெளியேற்றச் சீட்டைக் கிழித்துக்கொண்டு அதே அடிக்கட்டையில் இரண்டாவது முத்திரையை இடுவார். நள்ளிரவில், களைப்பில், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததுமே எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிடுகிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். குடியேற்றச் சாளரம் வேறு, சுங்கச் சாளரம் வேறு. இரண்டாவது முத்திரை விழாத அடிக்கட்டை, வண்டி இன்னும் அந்த நாட்டிலேயே இருக்கிறது என்றே சொல்லும். முத்திரையையும் தேதியையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. புறப்படும் முன் கார்னெட்டில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கார்னெட்டின் ஆயுள் ஓராண்டு. அதற்குள் வண்டி இந்தியா திரும்பிச் சுங்க முத்திரை பெற்றால்தான் உத்தரவாதம் விடுபடும். ஆகவே லண்டனில் விற்கும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: தஜிகிஸ்தான் மலைகளில் செல்லும் பாமிர் நெடுஞ்சாலையில் பழைய கார்புரேட்டர் வண்டி திணறுமா? (திருநெல்வேலி)

பதில்: திணறும். அக்-பைத்தால் கணவாய் ஏறத்தாழ 4,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக் கரி பிடிக்கும். ஓர் அளவு சிறிய மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையை) எடுத்துச் சென்றால் பாதி வேதனை தீரும். தஜிகிஸ்தான் விசாவோடு கோர்னோ-படாக்ஷான் பகுதிக்கான தனி அனுமதியையும் சேர்த்தே வாங்குங்கள்; சாலை அந்தப் பகுதி வழியாகத்தான் போகிறது.

கேள்வி: உபரியாக ஒரு பின் டயரைக் கட்டிக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். புது டயரோடு புறப்பட்டால் பத்து, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும்; இஸ்தான்புல் போன்ற பெருநகரில் மாற்றிக்கொள்ளலாம். உபரி டயருக்கான இடத்தில் டியூப், கிளட்ச் கேபிள், செயின் லிங்க் ஆகியவற்றை வையுங்கள்.

கேள்வி: அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா வரை தொடர்ந்து ஓட்டிச் செல்ல முடியுமா? (பெங்களூரு)

பதில்: முடியாது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காட்டில் சுமார் நூறு கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. பைக்கைக் கொலோன் துறைமுகத்திலிருந்து கப்பலில் கார்டஹேனாவுக்கோ, விமானத்தில் பொகோட்டாவுக்கோ அனுப்ப வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் அந்நாடுகளிலிருந்து இந்தியா திரும்புவோரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்துவார்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் ஊசி போட்ட இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: சர்வதேச ஓட்டுநர் அனுமதி எத்தனை ஆண்டுகள் செல்லும்? (மதுரை)

பதில்: ஓராண்டு. இருசக்கர வாகனப் பிரிவுக்கு நேரே முத்திரை விழுந்திருப்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.