ஜப்பானிய வறுத்த நூடுல்ஸான யாகிசோபாவில் இறாலும் கணவாயும் சேர்த்தால் ஏன் நீர்விட்டுக் குழைந்துபோகிறது?

எல்லாவற்றையும் ஒன்றாக வாணலியில் கொட்டுவதுதான் காரணம். கணவாய் சூட்டில் சுருங்கும்போது நிறைய நீர் விடும். அந்த நீரில் நூடுல்ஸ் வறுபடாமல் வேகத் தொடங்கிவிடும்.

இருவருக்கு யாகிசோபா நூடுல்ஸ் 300 கிராம், இறால், கணவாய் தலா 100, முட்டைக்கோஸ் 150 கிராம் போதும். ‘சோபா’ என்றால் பக்வீட் என்ற தானியத்தில் செய்யும் நூடுல்ஸ்; பெயரில் அது இருந்தாலும் இது கோதுமை நூடுல்ஸ். பாக்கெட்டில் வருவது ஏற்கெனவே ஆவியில் வெந்தது, திரும்ப வேகவைக்காதீர்கள். வெந்நீரில் அலசிப் பிரித்து, ஒட்ட வடித்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசிறி வையுங்கள்.

இறாலையும் கணவாயையும் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. வாணலி புகையும் அளவு காய்ந்ததும் இறாலை இரண்டு நிமிடம் வதக்குங்கள். இறாலைப் போட்டு அரை நிமிடம் கழித்துக் கணவாயைச் சேர்த்தால் போதும். அது வெள்ளையாகி ஓரம் சுருண்டால் வெந்துவிட்டது, அதற்குமேல் விட்டால் ரப்பர்தான். இரண்டையும் தட்டில் எடுத்துவிட்டு, தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

அதே வாணலியில் நூடுல்ஸைப் பரப்பி, கிளறாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். அடியில் பழுப்பேறி மொறுமொறுப்பானதும் திருப்பி, ஓரமாக முட்டைக்கோஸை வதக்குங்கள். வூஸ்டர் சாஸ் 3 டேபிள்ஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ், சர்க்கரை தலா 1 டீஸ்பூன் கலந்து, வாணலியின் சூடான விளிம்பில் ஊற்றுங்கள். சுர்ரென்று கொதித்துச் சுண்டும் அந்த நொடியில்தான் மணமே வருகிறது. உடனே கடல் உணவைச் சேர்த்துப் புரட்டி இறக்கி, ஆவோநோரி பாசித்தூளும் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் தூவுங்கள்.

நான்கு பேருக்கு என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். வீட்டு அடுப்பின் சூடு அவ்வளவுக்குத் தாங்காது.