தைப்பிங் போர்க் கல்லறையில் தாத்தாவின் பெயர் ஏன் இல்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் பெயரைத் தைப்பிங் போர்க் கல்லறையில் தேடினேன், காணோம் என்கிறீர்கள். அங்கே இருக்காது. அது காமன்வெல்த் படைவீரர்களுக்கானது. 1942-43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குப் போன நம் தோட்டத்து ஆட்கள் கூலிகள், பட்டாளத்துக்காரர்கள் இல்லை. பெயர்ப் பதிவே ஒழுங்காக இல்லாதபோது கல்லில் எங்கே வரும்? பட்டாளத்துக்காரர்களுக்கே அந்த நிலைதான்: தைப்பிங்கில் பாதிக்கும் மேற்பட்ட கல்லறைகள் அடையாளம் தெரியாதவர்களுடையவை.

சிப்பாய் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் பலவற்றில் அப்பா பெயர், ஊர், ஜில்லா வரை இருக்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிடாதீர்கள், முனுசாமியை மூன்று விதமாகவாவது அடித்துப் பாருங்கள். தகனம் செய்யப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலருக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியில் தனி நினைவுச் சின்னம் உண்டு.

உங்கள் தாத்தாவுக்கு அந்த வழி உதவாது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), கங்காணி பெயர், கூடப் போனவர்கள் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.