ஏர் ரைஃபிள் வாங்கலாம், முதுமலை வழியாகக் கொண்டுபோகலாமா?

கேள்வி: கூடலூரில் இருக்கிறோம். 13 வயது மகள் ரைஃபிள் சுடப் பழக ஆசைப்படுகிறாள். சனிக்கிழமைதோறும் மைசூரில் என் தம்பி வீட்டில் தங்கிப் பயிற்சிக்குப் போகப் போகிறாள். தம்பி தன் பழைய 0.22 ஏர் ரைஃபிளைத் தருகிறேன் என்கிறான். வீட்டில் மாமனார் பெயரில் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கியும் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பதில்: இரண்டிலும் வேண்டாம் அம்மா.

மாமனாரின் லைசென்ஸ் அவருக்கு மட்டும்தான், பேத்திக்கு இல்லை. 21 வயது முடியாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. 12 வயதானவர்கள் பயிற்சியாளர் மேற்பார்வையில் சுட்டுப் பழகலாம், அவ்வளவுதான்.

தம்பி விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஏர் ரைஃபிள் என்றாலே லைசென்ஸ் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். 0.22 என்பது 5.5 மில்லிமீட்டர். லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் அவரிடம் கேளுங்கள் (இல்லையென்றால் அடுத்த கடிதம் அவர்தான் எழுத வேண்டும்).

உங்கள் மகளுக்குத் தேவை 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மில்லிமீட்டர் ரைஃபிள். அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு வெகுவாகக் குறைவு. ஆனால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். போட்டி விதி 5.5 கிலோ எடை வரை அனுமதிக்கிறது, அதை நின்றபடி தாங்கி 60 குண்டு சுட வேண்டும், வளர்கிற பிள்ளைக்குத் தோளில் பதிக்கும் கட்டையின் நீளம் ஆறு மாதத்தில் பொருந்தாமல் போகும். கிளப் ரைஃபிளிலேயே சில மாதம் பழகட்டும். அப்புறம் பயிற்சியாளர் சொல்லும் அளவில், பெரியவர் ஒருவர் பெயரில், குழல் அளவும் ஜூலும் எழுதிய பில்லோடு வாங்குங்கள்.

இனி நீங்கள் கேட்காமல் விட்டது. மைசூர் போகும் ரோடு தொரப்பள்ளி தாண்டியதும் முதுமலைச் சரணாலயத்துக்குள் நுழைகிறது, அதை விட்டால் பந்திப்பூர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, 31-ஆம் பிரிவுப்படி எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அந்தச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்கு உள்ள விளக்கத்தில் கத்தி, வலை, கண்ணிகூட வருகிறது. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் வரும். லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைஃபிள் இதிலிருந்து தப்பாது. செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால், “போட்டிக்குத்தான் சார்” என்பது பதிலாகாது.

அதனால் ரைஃபிளை மைசூரிலேயே, தம்பி பெயரில் வாங்கி, அங்கேயே பூட்டி வையுங்கள். மகள் பஸ்ஸில் வெறுங்கையோடு போய் வரட்டும். கூடலூர் வீட்டில் அது இல்லாதது இன்னொரு வகையிலும் நல்லது: பக்கத்து வீட்டுப் பையன் வேலியோரம் நிற்கும் காட்டுக்கோழியைக் குறிபார்த்துத் தவறவிட்டாலும், அந்த முயற்சியே சட்டப்படி வேட்டைதான்.

பின்னாளில் லைசென்ஸ் தேவைப்படும் துப்பாக்கியால் சுடும் 50 மீட்டர் போட்டிக்கு மாறி, 21 வயது முடிந்து லைசென்ஸ் கேட்டால், சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு. அதற்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.