கணினி கேள்வி – பதில்: கோப்பின் பெயரும் அது போய்ச் சேரும் இடமும்

கேள்வி: எங்கள் கடை ரசீதுகளை ‘ரசீது 05/03/2024’ என்று தேதியுடன் சேமிக்க முயன்றால் விண்டோஸ் ஏற்க மறுக்கிறது. எதைச் சேமித்தாலும் சி டிரைவுக்கே போகிறது. டி டிரைவோ காலியாகக் கிடக்கிறது. என்ன செய்யலாம்? பெயரைத் தமிழில் வைப்பதால் சிக்கல் வருமா?
– வாசகர் ஒருவர்

பதில்: ஒரு கோப்பு எந்த டிரைவில், எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்பதை விண்டோஸ் ஒரே தொடராகக் குறித்துக்கொள்கிறது, அத்தொடரில் ஒரு ஃபோல்டரின் பெயர் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டுவது சாய்கோடுதான். அதைப் பெயருக்குள் அனுமதித்தால், ‘05’ என்பது பெயரின் பகுதியா, தனி ஃபோல்டரா என்று கணினியால் பிரித்தறிய இயலாது. டிரைவைக் குறிக்கும் முக்காற்புள்ளிக்கும், தேடலில் எந்த எழுத்துக்கும் பதிலாக நிற்கும் நட்சத்திரக்குறி, கேள்விக்குறி ஆகியவற்றுக்கும் இதே தடை உண்டு. ‘2024-03-05 ரசீது’ என்று ஆண்டை முதலில் எழுதுங்கள். நாளை முதலில் எழுதினால், பெயர்வரிசையில் ஜனவரி 5, பிப்ரவரி 5, மார்ச் 5 ஆகிய தேதிகளின் ரசீதுகள் அடுத்தடுத்து நின்று கணக்குப் பார்ப்பவரைத் திணறடிக்கும். ஆண்டு முதலில் வந்தால் அவை தாமாகவே காலவரிசையில் அமைந்துவிடும்.

சி டிரைவுக்குப் போவது பிழையன்று. ஒவ்வொரு பயனருக்கும் சி டிரைவின் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் ஓர் இடத்தை ஒதுக்கி, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்றவை அங்கே இருப்பதாக விண்டோஸ் பதிவு செய்துகொள்கிறது. மென்பொருள்கள் அந்தப் பதிவைப் பார்த்தே கோப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்கின்றன. எனவே ஃபோல்டரை வெட்டி ஒட்டுவதைவிட, பதிவையே முறையாக மாற்றுவது நல்லது. முதலில் டி டிரைவில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்றே ஒரு ஃபோல்டரை உருவாக்குங்கள். பிறகு பழைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரின் மீது வலது கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘லொக்கேஷன்’ என்பதைத் திறந்து, ‘மூவ்’ பொத்தான் வழியாகப் புதிய ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். பழைய கோப்புகளையும் நகர்த்தலாமா என்று கேட்கும்போது ‘யெஸ்’ கொடுங்கள். ஃபோல்டரைக் குறிப்பிடாமல் டி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்: அந்த டிரைவு முழுவதுமே டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவ் இந்த ஃபோல்டரைத் தன் பொறுப்பில் வைத்திருந்தால், அதன் பேக்கப் அமைப்பை முதலில் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். சி, டி இரண்டும் பெரும்பாலான கணினிகளில் ஒரே வன்தட்டின் பிரிவுகளே. தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். கடைக் கணக்குக்கு வெளியில் ஒரு நகல் கட்டாயம் தேவை.

தமிழ்ப் பெயர்களைத் தயங்காமல் வைக்கலாம். விண்டோஸில் ஒரு பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தில் வழக்கமான வரம்பு 255 பைட் (தரவை அளக்கும் அலகு). அங்கே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். ‘சீ’ என்பதில் உயிர்மெய்க் குறி தனியாக எண்ணப்பட்டு 6 பைட் ஆகிறது. ரசீதுப் பெயர்களுக்கு இது தாராளம். வாடிக்கையாளரின் முழு முகவரியையும் பெயரிலேயே எழுதும் வழக்கம் இருந்தால் மட்டும் சுருக்கிக்கொள்ளுங்கள்.