முதல் முறையாக வீடு வாங்கப் போகிறேன். காரைக்குடியில் பழைய ஓட்டு வீடு வாங்கி, பழுது பார்த்து வாடகைக்கு விடலாமா?

தாராளமாக விடலாம். அழகப்பா பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆய்வகம் எல்லாம் இருக்கும் ஊர், சின்ன வீட்டுக்கு ஆள் கிடைக்கும். முதல் வீடு என்கிறீர்கள், அதனால் விலையை விட, வீட்டில் பாகம் உள்ள பங்காளிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட பாகம் வராது. தாய்ப் பத்திரத்தில் (வீட்டின் பழைய மூலப் பத்திரம்) தொடங்கி வாரிசுச் சான்றிதழ் வரை பாருங்கள். மலேசியாவில் ஒரு பங்காளி இருந்தால், தூதரகத்தில் சான்றளித்த அதிகாரப் பத்திரம் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. இதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பழுது வேலையை ஓட்டிலிருந்து தொடங்குங்கள். மழை பெய்த மறுநாள் போய் உத்தரமும் கைமரமும் சுவரில் பதியும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் மரத்தை மாற்ற வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள், தயவுசெய்து. ஈரம் உள்ளேயே நின்று காரை பெயர்ந்து விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் ஆசிட் ஊற்றாமல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே பளபளக்கும்.

குடியேற்றும் முன் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அது கட்டாயம்.